குழாய் செலுத்தாமல் இதய அடைப்பைக் காண முடியுமா?

நெஞ்சு லேசாக வலித்தால் 'வாயு' என்று சோடா குடித்துவிட்டுக் கல்லாவில் அமர்பவர்கள் நம்மில் பலர். டாக்டர் ஆஞ்சியோகிராம் எடுக்கச் சொன்னாலோ, உடம்புக்குள் குழாய் விடுவார்களே என்று அஞ்சி, 'தீபாவளி வியாபாரம் முடியட்டும்' எனத் தள்ளிப் போடுகிறோம். 'எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலேயே அடைப்பு தெரியுமாமே?' என்று கேட்போரும் உண்டு. அதன் விவரத்தைக் காண்போம்.

குழாய் வழிச் சோதனை

இதை 1958-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் டாக்டர் மேசன் சோன்ஸ் தொடங்கி வைத்தார். கை அல்லது தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, சாயமருந்து பாய்ச்சி, எக்ஸ்ரே படம் எடுப்பார்கள். அடைப்பு தெரிந்தால் அப்போதே ஸ்டென்ட் வைக்கவும் முடியும்.

காந்த வழிச் சோதனை

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. இதயத்துக்குள் குழாயும் செல்லாது. வலிமை மிக்க காந்தமும் ரேடியோ அலைகளும் உடம்பின் நீரிலுள்ள ஹைட்ரஜனிலிருந்து சைகை பெற்றுப் படமாக்குகின்றன. இதற்கு வழிவகுத்த பால் லாட்டர்பரும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் 2003-ல் நோபல் பரிசு பெற்றனர்.

சிக்கல் என்னவென்றால், இதயத்துக்கு இரத்தம் தரும் முக்கியக் குழாய்களின் அகலமே 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அவை ஓயாமல் அசைகின்றன. கடையை அடைத்துவிட்டு இருப்பு எடுப்பது எளிது. கூட்டம் நிற்கும்போது எடுப்பது கடினம். இதயத்துக்கோ விடுமுறையே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு துடிப்பிலும் அது நொடிப்பொழுது ஓய்கிறது. ஈ.சி.ஜி.யைக் கொண்டு அந்த இடைவெளியில் மட்டும் சிறிது சிறிதாகப் பதிவு செய்கிறார்கள். மூச்சினால் வயிற்றுக்கு மேலுள்ள உதரவிதானம் ஏறி இறங்குவதையும் கருவி கவனித்து, சரியான நிலையில் கிடைத்த பதிவை மட்டுமே ஏற்கிறது. அதனால் நேரம் பிடிக்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நம்பலாம்?

7 மருத்துவமனைகளில் 109 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2001-ல் வெளியானது. தெளிவாகத் தெரிந்த பகுதிகளில் இருந்த முக்கிய அடைப்புகளில் 100-க்கு 83-ஐ எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்தது. கிலோவுக்கு 170 கிராம் குறையும் தராசை நாம் ஒப்புக்கொள்வோமா? அடைப்பு இல்லாதவருக்கு இருப்பதாகக் காட்டியதும் உண்டு. அதன்பின் கருவிகள் மேம்பட்டுள்ளன. ஆயினும் குழாய் செலுத்தாமல் அடைப்பைக் காண இன்று பெரும்பாலும் சி.டி. ஸ்கேனையே பயன்படுத்துகிறார்கள். அதற்கு எக்ஸ்ரேயும் சாயமருந்தும் தேவை. இதயத் தசையின் சேதத்தையும் இரத்த ஓட்டத்தையும் அறிய எம்.ஆர்.ஐ. மிகவும் உதவுகிறது.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

பேஸ்மேக்கர், ஸ்டென்ட், மூளையில் வைத்த கிளிப், கண்ணில் பட்ட இரும்புத் துகள், சிறுநீரகக் கோளாறு, மூடிய இடத்தில் பயம் ஆகியவை இருந்தால் டாக்டரிடம் கூறுங்கள். இடுப்பிலுள்ள சாவிக்கொத்து, கைக்கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள்.

எந்தச் சோதனை தேவை என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். 'எனக்கு ஏன் இது? வேறு வழி உண்டா?' என்று தயங்காமல் கேளுங்கள். ஆனால் நெஞ்சை அழுத்தும் வலி, வியர்வை, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் ஸ்கேனைப் பற்றி யோசிக்க நேரமில்லை. கல்லாவை அப்படியே விட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடையை நாளையும் திறக்கலாம்.