'சேஞ்ச் ஓவர்': புரிந்துகொள்வோம், பயன்படுத்துவோம்



பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டு வந்த நமக்குப் பெரிய டெக்னிக்கல் வார்த்தைகள்கூடப் பழகிவிடும். சின்ன வார்த்தைகள் இரண்டு ஜோடி சேர்ந்து வந்தால்தான் தலை சுற்றும். வீட்டில் கேட்கலாம் என்றால், எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆளே நான்தான். அதனால் புது வார்த்தை வந்தால் அதை லேபில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பிடிபட்டதுதான் 'சேஞ்ச் ஓவர்'.

ஃப்யூஸ் போனால் வேறு மாட்டுகிறோம். 'ஐ சேஞ்ச்டு த ஃப்யூஸ்.' சப்ளை அதேதான். இது வெறும் 'சேஞ்ச்'. கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறினால், 'வி சேஞ்ச்டு ஓவர் ஃப்ரம் த மெயின்ஸ் டு த ஜெனரேட்டர்.' அதாவது ஒரு முறையை விட்டு இன்னொரு முறைக்குப் போவது. எதிலிருந்து என்பதற்கு 'ஃப்ரம்', எதற்கு என்பதற்கு 'டு'. வினையாக வந்தால் இரண்டு சொல்லாகப் பிரித்து எழுத வேண்டும். பெயர்ச்சொல்லாக வந்தால் சேர்த்து ஒரே சொல்: சேஞ்ச்ஓவர்.

சேஞ்ச்ஓவர் சுவிட்சைப் பாருங்கள். ஒரு பக்கம் மெயின்ஸ், மறுபக்கம் ஜெனரேட்டர், நடுவில் ஆஃப். இரண்டும் ஒரே நேரத்தில் சேராது. சேர்ந்தால் ஜெனரேட்டர் கரண்ட் வெளி லைனில் பாயும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிருக்கே ஆபத்து.

நாடுகளும் இப்படி மாறியிருக்கின்றன. 1967 செப்டம்பர் 3 காலை 5 மணிக்கு ஸ்வீடன் நாடே சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. பாதிப் பேர் மட்டும் மாறியிருந்தால் என்ன ஆகும், யோசியுங்கள்!

ஆனால் எல்லா மாற்றமும் ஒரே நொடியில் முடியாது. 1957 ஏப்ரல் 1-ல் இந்தியா ரூபாய்க்கு 16 அணா என்பதை விட்டு 100 பைசாவுக்கு மாறியது. பழைய காசும் புதிய காசும் சில வருஷம் சேர்ந்தே புழங்கின. எங்க பாட்டி இன்னைக்கும் ஐம்பது பைசாவை எட்டணான்னுதான் சொல்றாங்க. கணக்கு மட்டும் தப்பாது!

தமிழ் மீடியத்திலிருந்து இங்கிலீஷ் மீடியத்துக்கு வந்த நமக்கும் இதுதான். பரீட்சைத் தாளில் இங்கிலீஷுக்கு மாறித்தான் ஆக வேண்டும். அரியர் விழுந்தால் வீடு தாங்காது. அதற்காக மனதில் தமிழை ஆஃப் செய்ய வேண்டியதில்லை. தமிழில் புரிந்துகொள்வோம், இங்கிலீஷில் எழுதுவோம். இங்கே இரண்டு சப்ளையும் சேர்ந்தே ஓடலாம், யாருக்கும் ஷாக் அடிக்காது.

இன்றே உங்கள் டிரேடிலிருந்து 'சேஞ்ச் ஓவர்' வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.