57 நாள் விரதம் சொல்லும் குன்று

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிக்கு அருகிலுள்ள சிங்கவரம் சென்று, பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவித்திருப்பீர்கள். அடுத்த முறை, பக்கத்திலேயே இருக்கும் திருநாதர் குன்றுக்கும் சென்று வாருங்கள்.

அங்கே ஒரு பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரு வரிசைகளாக வீற்றிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பு இருந்து உயிர்நீத்ததை, இங்குள்ள சுமார் 6-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. 'ஐ' என்ற எழுத்து இடம்பெற்ற மிகப் பழைய கல்வெட்டுகளில் இதுவும் ஒன்று!

அது துறவியின் இறுதி நோன்பு, நமக்கானது அல்ல. இல்லறத்தாருக்குச் சமணம் சொல்லும் விரதம் எளியது: பொழுது சாய்வதற்குள் உணவை முடித்துவிடுவது. இருட்டில் தெரியாமல்கூட ஒரு சிற்றுயிர் மாய்ந்துவிடக் கூடாதே என்ற கருணைதான் காரணம். தமிழ்ச் சமணக் குடும்பங்களில் இன்றும் இதைக் கடைப்பிடிப்போர் உண்டு.

ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்கும் நாமும், பட்டினியோடு இந்தக் கருணையையும் சேர்த்துக்கொள்ளலாமே!