நோய் அறிந்து மருந்து

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றின் வெப்பமே டீசலை எரிக்கிறது. குளிரில் அவ்வெப்பம் குறையும். ஆதலால் சிம்லாவின் பனிக்காலக் காலையில் பழைய பிக்கப் வண்டி எளிதில் இயங்கத் தொடங்காது.

ஏற்றிய காய்கறி சந்தைக்குச் செல்ல வேண்டும். எனினும் தேர்ந்த மெக்கானிக் உடனே எந்த உறுப்பையும் மாற்றார். முதலில் எஞ்சின் சுழலும் வேகத்தைக் கவனிப்பார். மெதுவாகச் சுழன்றால் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் ஆராய்வார். வேகமாகச் சுழன்றும் இயங்காவிடில் புகைக்குழாயை நோக்குவார். புகையே இல்லையெனில் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. வடிகட்டியில் அடைப்போ, டீசல் குழாயில் காற்றோ இருக்கலாம். வெண்புகை வந்தால் டீசல் எட்டியும் எரியவில்லை. சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக் பழுதாகியிருக்கலாம்.

காரணம் அறியாமல் உறுப்பை மாற்றினால் பணம் கரையும், பழுது தீராது.

வினா: புகை வராமையும் வெண்புகை வருதலும் உணர்த்துவன யாவை?