வானில் தொங்கும் ரம்பம்

மரத்தை வெட்ட மனிதன் கண்ட கருவிகள் பல. கற்கோடரியில் தொடங்கி, இரும்புக் கோடரி, கைரம்பம், எந்திர ரம்பம் என அவை வளர்ந்து வந்துள்ளன. அவ்வரிசையில் வானிலிருந்து தொங்கும் ரம்பம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்க நாட்டில், காடுகளின் ஊடே செல்லும் மின்கம்பிகளை நோக்கி நீளும் கிளைகளை, ஹெலிகாப்டரில் தொங்கவிட்ட ரம்பத்தால் அறுத்துத் தள்ளுகிறார்கள். கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இவ்வேலையில் இயற்பியலும் தாவரவியலும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு கிளையை அறுக்க ஹெலிகாப்டர் வரையிலும் போக வேண்டுமா என்ற கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கம்பி தாழ்வது ஏன்?

மின்கோபுரங்களுக்கு இடையே கம்பியை விறைப்பாகக் கட்டுவதில்லை. நடுவில் சற்றுத் தொய்யவிட்டே கட்டுகிறார்கள். கம்பியில் மின்னோட்டம் பாயும்போது வெப்பம் பிறக்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். வெப்பத்தால் கம்பி நீளும், நீண்டால் தாழும்.

எவ்வளவு தாழும்? இரு கோபுரங்களுக்கு இடையே 300 மீட்டர் தூரம் என்றும், கம்பியின் நடுத்தொய்வு 7 மீட்டர் என்றும் கொள்வோம். எஃகு இழைகளைச் சுற்றி அலுமினிய இழைகள் முறுக்கிய கம்பி அது. அதன் வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், நீளம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் மட்டுமே கூடுகிறது. ஆனால் தொய்வு 7 மீட்டரிலிருந்து ஏறக்குறைய 9 மீட்டராகிவிடுகிறது! கம்பியின் இழுவிசை குறைவதையும் கணக்கில் சேர்த்தால் இவ்வளவு சற்றுக் குறையும். எனினும், ஒரு சாண் நீட்சி ஓர் ஆள் உயரத் தாழ்வைத் தந்துவிடும் என்ற உண்மை மாறுவதில்லை. காலையில் கிளைக்கு மேலே எட்டாமல் நின்ற கம்பி, காற்றில்லாத கோடைப் பிற்பகலில் அக்கிளையை நெருங்கிவிடுகிறது. உயர் மின்னழுத்தக் கம்பியை மரம் தொடவும் தேவையில்லை. போதிய இடைவெளி இல்லாவிட்டால் மின்சாரமே தாவி, மரத்தின் வழியாக நிலத்தில் இறங்கிவிடும்.

ஓஹையோவில் நடந்தது

இதன் விளைவை 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 14ஆம் நாள் உலகம் கண்டது. அன்று பிற்பகல் ஓஹையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் மின்வழிகள் மூன்று அடுத்தடுத்து மரங்களில் பட்டுத் துண்டிக்கப்பட்டன. முதல் வழி 3.05 மணிக்கும், இரண்டாவது 3.32க்கும், மூன்றாவது 3.41க்கும் வீழ்ந்தன. ஒரு வழி வீழ்ந்ததும் அதன் சுமையை மற்றவை தாங்க வேண்டியதாயிற்று. அவை மேலும் சூடேறித் தாழ்ந்தன. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தரும் கணிப்பொறி அமைப்பு முன்னரே செயலிழந்திருந்தமையால், அங்கிருந்தோர் நிலைமையை உணரவில்லை. நான்கு மணிக்குப் பின் அமெரிக்காவின் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுமாகச் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரத்தை இழந்தனர். நியூயார்க் நகரின் சுரங்க ரயில்களும் நின்றன.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. முதலில் வீழ்ந்த கம்பி தன் தாங்குதிறனில் பாதியைக்கூட அப்போது சுமக்கவில்லை. மற்ற இரண்டும்கூடத் தத்தம் எல்லைக்கு உட்பட்டே இருந்தன. கம்பியில் குறையில்லை. அதன் பாதையில் மரங்களை மிகுதியாக வளரவிட்டிருந்தார்கள் என்பதே இரு நாட்டு ஆய்வுக்குழுவின் முடிவு. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் ஒரு மின்வழி மரத்தில் பட்டதிலிருந்து தொடங்கிய கோளாறு, ஏறத்தாழ இத்தாலி முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. பின்னர் அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பெரிய மின்வழிகளின் ஓரத்தில் மரங்களைக் கட்டுப்படுத்துவது கட்டாயக் கடமையாக்கப்பட்டது.

ரம்பம் வேலை செய்யும் விதம்

மலைச்சரிவிலும் சதுப்பு நிலத்திலும் செல்லும் மின்வழிகளுக்கு வண்டி போகாது. ஆள் ஏறி அறுப்பதும் ஆபத்து. அங்கேதான் ஹெலிகாப்டர் உதவுகிறது. 1980களிலிருந்து இம்முறை வளர்ந்து வந்திருக்கிறது. சிறிய ஹெலிகாப்டர் ஒன்றின் அடியில் பல மீட்டர் நீளமுள்ள அலுமினியத் தண்டு தொங்கும். அதன் கீழ்ப்பகுதியில், ஒன்றின்கீழ் ஒன்றாகப் பத்து வட்ட ரம்பங்கள் வரை இருக்கும். ஒவ்வொன்றின் குறுக்களவும் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். அவற்றைச் சுழற்றத் தனி எஞ்சின் உண்டு. விமானி பக்கவாட்டில் கீழ்நோக்கிப் பார்த்தவாறே, கம்பிக்கும் மரத்திற்கும் இடையே தண்டை மேலும் கீழுமாக நகர்த்திச் செல்வார். சுவரைச் செதுக்கியதுபோல் கிளைகள் உதிர்ந்து விழும். தரையில் ஒரு குழு பல நாள் செய்யும் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

விரைவுக்கு ஒரு விலையும் உண்டு. ஹெலிகாப்டரின் எஞ்சின் நின்றுபோனால், கீழிறங்கும்போது எதிர்ப்படும் காற்றே மேல்விசிறியைச் சுழலவைத்து மெல்லத் தரையிறங்க உதவும். அதற்குப் போதிய உயரமோ வேகமோ வேண்டும். மரம் அறுக்கும் விமானிக்கு இரண்டும் குறைவு. தண்டு கிளையில் சிக்கினால் அதனை உடனே கழற்றிவிடும் ஏற்பாடு உண்டு. அப்படியிருந்தும் இத்தொழிலில் விமானிகள் உயிரிழந்திருக்கிறார்கள். நம் விளக்கு அணையாதிருக்க, முகமறியாத ஒருவர் அந்த உயரத்தில் தம் உயிரைப் பணயம் வைக்கிறார் என்பதை நாம் மறத்தலாகாது.

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால்

கிளையை அதன் அடிப்புடைப்பை ஒட்டி, புடைப்பு காயப்படாமல் அறுக்க வேண்டும் என்பது தாவர அறிஞர் அலெக்ஸ் ஷைகோ வலியுறுத்திய முறை. அவ்வாறு அறுத்தால் மரம் காயத்தைச் சுற்றித் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் காத்துக்கொள்ளும். வானிலிருந்து வரும் ரம்பத்திற்கு அடிப்புடைப்பு தெரியாது. கிளையின் நடுவே அறுத்து, முண்டுகளை விட்டுச் செல்கிறது. உறங்கிக் கிடந்த மொட்டுகள் விழித்துப் புதுத் தளிர்கள் கிளம்புகின்றன. சில ஆண்டுகளில் மீண்டும் ஹெலிகாப்டர் வரவேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று வழி ஒன்று பென்சில்வேனியா மாநிலத்தில் 1953ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட ஆய்வில் தெளிவாயிற்று. பிராம்பிள், பைர்ன்ஸ் என்னும் இரு அறிஞர்கள் அதனை நடத்தினர். உயர்ந்து வளரும் மரங்களை மட்டும் தேர்ந்து நீக்கிவிட்டு, கம்பிக்கு நேர் கீழே புல்லும் சிறுசெடியும், இரு ஓரங்களிலும் குட்டைப் புதரும் அடர்ந்து வளரவிட்டனர். அந்த அடர்த்தி புதிய மரக்கன்றுகள் தலையெடுப்பதைப் பெரிதும் தடுத்தது. மான்களும் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் அங்கே வாழ இடம் கிடைத்தது. மரங்களை நீக்குவதற்குக் களைக்கொல்லியும் பயன்பட்டது உண்மை. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் தேவை குறைந்தது.

முடிவுரை

ஹெலிகாப்டர் ரம்பம் வேண்டாத கருவி என்று இதனால் கொள்ளலாகாது. ஆளும் வண்டியும் எட்டாத இடத்தில் அது பேருதவியே. ஆனால் அது அறுப்பதற்கு மட்டுமே உரிய கருவி. எந்தக் கிளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது, எந்தக் கம்பி எவ்வளவு தாழும், எந்தச் செடியை வளரவிடலாம் என்பவற்றை ஆண்டுதோறும் நடந்து பார்த்துக் குறித்து வைப்பவர் மனிதரே. ஓஹையோவில் தவறியது அந்தக் கண்காணிப்புத்தான். பல்லாயிரம் மெகாவாட் மின்சாரத்தைக் காப்பது ஒரு சில அடி இடைவெளி. அவ்விடைவெளியை அளந்து பார்க்கும் பணியில் இயற்பியல் மாணவருக்கும் தாவரவியல் மாணவருக்கும் சம பங்கு உண்டு.