பாஸ்வேர்டு மறந்து போச்சா? ஃபார்மட் வேண்டாம்!



நம்ம கணினி அறையில் ஒரே கம்ப்யூட்டரை நாலு வகுப்புப் பிள்ளைகள் பயன்படுத்துகிறோம். வகுப்புக்கு ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு. மே மாத லீவு முடிந்து வந்தால் அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. உடனே "ஃபார்மட் போட்டுடலாம்" என்று ஒரு குரல் வரும். போட்டால் நாம் வரைந்த படம், டைப் பண்ணிய அறிவியல் ஒப்படைப்பு எல்லாம் போய்விடும். மற்ற மூணு வகுப்பின் வேலையும் சேர்ந்து போகும். அவங்க என்ன பாவம் செய்தாங்க?

"சார், பழைய பாஸ்வேர்டைப் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கிறோம். சாராலும் பார்க்க முடியாது. கணினி அதை அப்படியே எழுதி வைப்பதில்லை. ஒரு கணக்குப் போட்டு, வேறு எழுத்துக் கோவையாக மாற்றி, அதை மட்டும் வைத்துக்கொள்ளும். இதற்கு ஹாஷ் என்று பெயர். அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியுமா? அது போலத்தான். நாம் தட்டுவதையும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். அந்தக் காலத்தில் இப்படி இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பலர் சேர்ந்து பயன்படுத்திய கணினியில் பாஸ்வேர்டுகள் அப்படியே ஒரு கோப்பில் இருந்தன. ஒருமுறை ஒரு குளறுபடியில் அந்தக் கோப்பு, உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அச்சாகி வந்துவிட்டதாம்!

ஆகவே பழையது கிடைக்காது, புதுசுதான் வைக்கணும். அதற்கு அட்மின் கணக்கில் நுழைய வேண்டும். லினக்ஸ் என்றால் டெர்மினலைத் திறந்து சுடோ என்று அடித்து, இடைவெளி விட்டு, பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி என்ற ஆறு எழுத்தும், பிறகு பயனர் பெயரும் அடிக்கணும். முதலில் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், அப்புறம் புதுசை இரண்டு தடவை கேட்கும். அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூட வராமல் போகலாம். கீபோர்டு கெட்டுப்போச்சு என்று நினைக்காதீங்க! விண்டோஸில் கன்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகள் பகுதியில் மாற்றலாம். ஆனால் அங்கே என்கிரிப்ட் செய்து பூட்டிய கோப்பு இருந்தால், அது பிறகு திறக்காமல் போகலாம். மற்ற கோப்புகள் பத்திரமாக இருக்கும்.

"அட்மின் பாஸ்வேர்டையும் போர்டில் எழுதிடலாமே" என்கிறார்கள் சிலர். எனக்குச் சம்மதமில்லை. அது தெரிந்தவர் யார் கணக்கிலும் நுழையலாம், எதையும் அழிக்கலாம். சாரிடம் மட்டும் இருக்கட்டும். சார் மாறுதலாகிப் போனால்? ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, தலைமை ஆசிரியர் அறை பீரோவில் வைத்துவிடலாம்.

- 9-ஆம் வகுப்பு மாணவி