ஃபிளாப்பும் ஸ்லிப்பும்

கேள்வி: செஸ்னா 172 விமானத்தில் பயிற்சி பெறுகிறேன். ஃபிளாப்பை இறக்கியபின் ஸ்லிப் செய்யவே கூடாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: அவ்வளவு கடுமையாகச் சொல்வது மிகை. ஓடுபாதையை நெருங்குகையில் உயரம் அதிகமென்று கண்ட விமானி, ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப்புறச் சுக்கான் மிதியை அழுத்தி, விமானத்தின் விலாவையே காற்றுக்குக் கொடுத்து, வேகம் கூடாமல் உயரத்தை மட்டும் இழக்கும் ஸ்லிப் என்னும் இவ்வித்தை, ஃபிளாப்பே இல்லாத பைப்பர் கப் விமானங்களில் நித்தியத் தேவையாக இருந்தது. பிற்கால செஸ்னா 172களின் கையேடோ, ஃபிளாப் 20 டிகிரிக்கு மேல் இறங்கியிருக்கையில் கடுமையான ஸ்லிப்பைத் தவிர்க்குமாறு புத்தி சொல்கிறது. வேகம், சறுக்கும் கோணம், பாரத்தின் மையம் ஆகியவை ஒருவிதமாகக் கூடும்போது எலிவேட்டர் சற்றே ஊசலாடலாம் என்பதே அதற்குக் காரணம். விமானம் குப்புறக் கவிழும் என்பதெல்லாம் கொட்டகைப் பேச்சு. என் அபிப்பிராயத்தில், மாணவர் அதிகம் அஞ்சவேண்டியது வேகமானியைத்தான்: அழுத்தத்தை உணரும் துவாரம் விமானத்தின் இடப்பக்கத்தில் மட்டும் இருப்பதால், ஸ்லிப்பின்போது முள் காட்டும் வேகம் மெய்யன்று, ஆகவே மூக்கின் நிலையைக் கண்ணால் அளந்து பறப்பதே உசிதம். மாதிரிக்கு மாதிரி எச்சரிக்கை வாசகம் மாறும். தங்கள் விமானத்தின் கையேட்டையும் பலகையில் ஒட்டிய அறிவிப்பையும் படித்துவிட்டு, ஆசிரியர் உடனிருக்க, போதிய உயரத்தில் முதலில் பழகுங்கள்.