அண்ணனுக்கு உடம்பு முடியலைன்னா

ஞாயிற்றுக்கிழமை கோயில் சேவைக்குப் போகிற நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி பழகிப்போனதுதான். அன்னதானம் முடிந்து கை கழுவுகிற இடத்தில் ஊழியர் அண்ணன் ஒருத்தர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "தம்பி, இங்க டாக்டரைப் பார்க்கணும்னா எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். நாமும் நல்ல எண்ணத்தோட, "பலதுறை மருந்தகம் போங்கண்ணே, அங்க சீப்" என்று சொல்லிவிடுவோம்.

அந்தப் பதில் நமக்குப் பொருந்தும், அவருக்குப் பொருந்தாது. பலதுறை மருந்தகத்திலும் அரசாங்க மருத்துவமனையிலும் நமக்குக் கட்டணம் குறைவதற்குக் காரணம் அரசாங்க மானியம். வேலை அனுமதி அட்டையில் வந்தவருக்கு அந்த மானியம் கிடையாது, முழு விலைதான். ஒரு தடவை பில்லைப் பார்த்துப் பயந்தவர் அடுத்த தடவை வலியைத் தாங்கிக்கொண்டு படுத்துவிடுவார். அதனால் அவருக்கென்று இருக்கிற வழி எது என்று நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதல் விஷயம், செலவு யாருடையது? வேலை அனுமதியில் இருப்பவரின் மருத்துவச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும். இது வேலை அனுமதியோடு வருகிற நிபந்தனை, முதலாளி மனசு வைத்துச் செய்கிற தர்மம் கிடையாது. அதுக்காகவே முதலாளி காப்புறுதி வாங்க வேண்டும். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் ஒரே நாளில் முடிகிற அறுவைச் சிகிச்சைக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 15,000 வெள்ளி என்று இருந்தது, 2023 ஜூலை 1 முதல் 60,000 வெள்ளியாக உயர்ந்தது. முதல் 15,000 வெள்ளிக்கு மேல் போனால் காப்புறுதி நிறுவனம் நாலில் மூணு பங்கு, முதலாளி ஒரு பங்கு.

சரி, சாதாரணக் காய்ச்சல், முதுகு வலிக்கு? அதுக்குத்தான் 2022 ஏப்ரலில் தொடங்கிய பிரைமரி கேர் பிளான். தங்கும் விடுதியில் இருப்பவர்கள், கட்டுமானம், கப்பல் பட்டறை, ரசாயன ஆலை போன்ற துறைகளில் வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் முதலாளி இதை எடுத்திருக்க வேண்டும். தீவை ஆறு வட்டாரமாகப் பிரித்து, ஊழியர்களுக்கென்றே மருத்துவ நிலையங்கள் வைத்திருக்கிறார்கள். திட்டம் தொடங்கியபோது வகுத்தபடி, நேரில் போனால் ஊழியர் கட்டுவது 5 வெள்ளி, போன் வழியாக டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. கோயிலில் நான் பேசிய அண்ணன்களில் பாதிப் பேருக்குத் தன் பெயரில் இப்படி ஒண்ணு இருப்பதே தெரியவில்லை. "உங்க நிலையம் எதுண்ணே?" என்று கேட்டு, போனில் சேர்ந்து தேடிப் பார்த்துக் கொடுத்தாலே பெரிய உதவி.

இவ்வளவு இருந்தும் ஏன் போக மாட்டேங்கிறாங்க? காரணம் ஓவர்டைம். வேலை நியமனச் சட்டப்படி மூன்று மாதம் வேலை செய்தவருக்கு 5 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு, ஆறு மாதம் ஆனால் 14 நாள், மருத்துவமனையில் சேர்ந்தால் மொத்தம் 60 நாள் வரை. பதிவு பெற்ற எந்த டாக்டர் கொடுத்த எம்சியும் செல்லும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் எம்சியைப் படம் எடுத்து அனுப்பி வைத்தால் ஆதாரமும் ஆச்சு. ஆனால் அந்த விடுப்புச் சம்பளத்தில் ஓவர்டைம் சேராது. ஊரில் ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்தவருக்கு அந்த ஓவர்டைம்தான் வட்டி. இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "உடம்பு முக்கியம்ணே" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம், அந்தக் கணக்கு நம் தலையில் ஓடுவதில்லை.

வேலையிடத்தில் காயம் பட்டால் கணக்கே வேறு, அதை நான் ஒரு அண்ணனோடு போனபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், கம்பி கட்டுகிறவர். பாதத்தில் இரும்புக் கம்பி விழுந்து, கம்பெனி வண்டியில் ஒரு கிளினிக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். ஒரு நாள் எம்சி, மூன்று நாள் லைட் டியூட்டி. பத்து நாள் கழித்தும் நொண்டிக்கொண்டே சாப்பாட்டு வரிசையில் நின்றார். உட்கார வைத்துக் கேட்டேன். "டாக்டர் என்னைப் பார்த்து ஒண்ணும் கேக்கலை தம்பி. கூட வந்த சூப்பர்வைசரைப் பார்த்துத்தான் கேட்டாரு. அவரும் இங்கிலீஷ்ல ஏதோ சொன்னாரு, முடிஞ்சுது."

அன்று சாயந்தரமே அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம். எக்ஸ்ரேயில் பாத எலும்பில் விரிசல். மூன்று வாரம் எம்சி. மறுநாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் செய்து எம்சியை அனுப்பினோம். சண்டை எதுவும் போடவில்லை, "இது வேலையில் பட்ட காயம், அமைச்சுக்குத் தெரிவிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டோம். அதுக்கப்புறம்தான் தெரிவித்தார்கள்.

2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வேலையிடக் காயம் இழப்பீட்டுச் சட்டத்தின்படி, டாக்டர் லைட் டியூட்டி கொடுத்தாலே முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சி கொடுத்தால் மட்டும்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்தச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வி வராது, வேலை செய்யும்போது பட்டதா என்பதுதான் கேள்வி. விடுப்புச் சம்பளமும் ஓவர்டைம் சேர்ந்த சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்காகும். முதல் 14 நாளுக்கு முழுசாக, அதுக்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருஷம் வரை. இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷம் அவகாசம் உண்டு. வேலை அனுமதி ரத்தானாலும் அந்த உரிமை போகாது. ஊருக்கு அனுப்பிடுவாங்களோ என்கிற பயம் வீண் பயம் இல்லை, முதலாளி அனுமதியை ரத்து செய்ய முடியும்தான். அதனாலதான் தேதி, இடம், பார்த்தவர் பெயர், காயத்தின் படம் எல்லாம் அன்றைக்கே போனில் இருக்க வேண்டும். பொறியியல் படிக்கிறவனுக்கு லாக் புக் இல்லாமல் தூக்கம் வராது, இதுவும் ஒரு லாக் புக்தான்!

அடுத்தது நம் கையில் முழுசாக இருக்கிற வேலை, மொழிபெயர்ப்பு. இது சின்ன வேலை இல்லை. ஊர்த்தமிழில் வலிக்கு எத்தனை சொல்! குத்துது, எரியுது, உளையுது, இழுக்குது, மரத்துப்போகுது. எல்லாத்தையும் "பெயின்" என்று ஒரே வார்த்தையில் கொட்டிவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. மரத்துப்போவது வேறு, எரிச்சல் வேறு. "மயக்கமா இருக்கு" என்றால் தலை சுற்றுகிறதா, நினைவே தப்பியதா என்று திருப்பிக் கேளுங்கள். "உடம்பு சூடு" என்பது எப்போதும் காய்ச்சல் ஆகாது. "நெஞ்சுல கேஸ் அடைக்குது" என்று சொன்னால் அப்படியே, நெஞ்சு என்ற சொல் விட்டுப்போகாமல் சொல்லுங்கள். கேஸா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அவருக்குப் பதில் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால், அண்ணன் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்.

மாத்திரையும் ஒரு விஷயம். ஊரிலிருந்து டோலோ 650 அட்டை அட்டையாகக் கொண்டு வருவார்கள். இங்கே கிளினிக்கில் பனடால் கொடுப்பார்கள். பெயர் வேறு, உள்ளே இருப்பது ஒரே பாரசிட்டமால். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரலுக்குக் கேடு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச அளவு. அதனால் டாக்டரிடம் போகும்போது ஊர் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கூட்டிப் போங்கள். சுகர், பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் அதை மறைப்பதும் உண்டு, வேலை போய்விடும் என்று. தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

முதலாளி கை விரித்துவிட்டால், கேலாங்கில் மருந்தகம் நடத்தும் ஹெல்த்சர்வ் இருக்கிறது, 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்காகவே. வீட்டுப் பணிப்பெண் அக்காக்களுக்கு வேலை நியமனச் சட்டம் பொருந்தாது, ஆனால் மருத்துவச் செலவும் காப்புறுதியும் அவர்களுக்கும் முதலாளி பொறுப்புத்தான்.

உயிர் போகிற அவசரம் என்றால் 995, யாரையும் கேட்க வேண்டாம். அவசரமில்லாத ஆம்புலன்சுக்கு 1777. 995-க்கு அழைத்தால் இடம் எது என்று கேட்பார்கள், பல அண்ணன்களுக்கு விடுதியின் பெயர் மட்டும்தான் தெரியும். அடுத்த வாரம் பார்க்கும்போது, புளோக் எண்ணையும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டையும் தமிழில் எழுதி அவர் போன் கவருக்குள் வைத்துக் கொடுங்கள்.